செடித்தொட்டிக்கு ஏற்ற கெளுத்தி எது?

வடகொல்கத்தாவின் பாக்பஜார்ப் பகுதியில், பழைய கால்வாயை ஒட்டிய காலிஃப் தெருவில் ஞாயிறுதோறும் காலையில் ஒரு சந்தை கூடுகிறது. வங்காளிகள் அதனை 'ஷகேர் ஹாட்' என்பர். மனத்துக்கு விருப்பமான பொருள்கள் விற்கும் சந்தை என்று பொருள் கொள்ளலாம். பூச்செடிகளுக்கும் மண்தொட்டிகளுக்கும் கூண்டுகளுக்கும் இடையே வளர்ப்பு மீன் விற்போர் வரிசையாகக் கடை விரித்திருக்கின்றனர். நீர் நிரப்பிய பைகளில் வண்ண மீன்கள் தொங்குகின்றன. அருகே நீர்த்தாவரங்கள் கட்டுக்கட்டாக நனைந்து கிடக்கின்றன. ஏறத்தாழ எல்லாக் கடைகளிலும், விரல் நீளமுள்ள கருநிற மீனொன்று கண்ணாடிச் சுவரில் வாயால் ஒட்டிக்கொண்டு அசையாதிருப்பதைக் காணலாம். 'சக்கர்' என்பது அதன் சந்தைப் பெயர். இதில் ஒன்றை வாங்கிப் போட்டால் பாசியையும் அழுக்கையும் அதுவே தின்று தீர்த்துவிடும், தொட்டியைக் கழுவும் வேலையே இராது என்று விற்பவர் உறுதி கூறுவார். விலையும் மிகக் குறைவு. செடிகள் நட்டு, சிறு மீன்கள் பலவற்றை ஒன்றாக வளர்க்க எண்ணி முதன்முறையாகத் தொட்டி அமைப்பவர் வாங்கும் முதல் கெளுத்தி பெரும்பாலும் இதுவாகவே இருக்கிறது. செடித்தொட்டிக்குச் சிறிதும் பொருந்தாத கெளுத்திகளுள் முதலிடம் பெறுவதும் இதுவே.

டெரிகோப்லிக்திஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த இம்மீனின் தாயகம் தென் அமெரிக்கா. முழு வளர்ச்சி அடைந்தால் 40 சென்டிமீட்டரையும் கடந்து நீளும். மூன்றடி நீளம், ஓரடி அகலம் என்பதே இல்லங்களில் நாம் காணும் தொட்டியின் வழக்கமான அளவு. வளர்ந்த சக்கர் அதற்குள் உடலைத் திருப்பவும் இடமின்றித் தவிக்கும். நன்கு பராமரித்தால் பத்தாண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது என்பதால் இத்தவிப்பு சில மாதங்களில் முடிவதும் இல்லை. இளமையில் பாசியை விரும்பித் தின்பது உண்மையே. வளர்ந்தபின் அமேசான் வாள்செடி போன்றவற்றின் அகன்ற இலைகளைச் சுரண்டி நரம்பை மட்டும் விட்டுவைக்கும். வேர் பிடிக்காத செடிகளைத் தன் பருத்த உடலால் இடித்துப் பெயர்க்கும். உணவு மிகுதியாதலால் கழிவும் மிகுதி. துப்புரவுக்கென வாங்கிய மீனே தொட்டியின் அழுக்குக்குத் தலையாய காரணமாகிவிடுகிறது.

அதன்பின் நடப்பதுதான் நகரத்தையே தொடும் செய்தி. மீன் பெருத்துவிட்டது, கொல்ல மனமில்லை, கடைக்காரரும் திரும்பப் பெறுவதில்லை. உரிமையாளர் அதனை ஒரு வாளியில் எடுத்துச் சென்று அருகிலுள்ள குளத்திலோ கால்வாயிலோ விட்டுவிடுகிறார். ஓர் உயிருக்கு விடுதலை அளித்த நிறைவும் அவருக்குக் கிடைக்கிறது. கொல்கத்தாவின் நிலச்சரிவு கிழக்கு நோக்கியது. நகரின் கழிவுநீர்க் கால்வாய்களும் கிழக்கு நோக்கியே ஓடுகின்றன. அங்கே 12,500 ஹெக்டேர் பரப்பில் கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்கள் விரிந்து கிடக்கின்றன. நகரின் கழிவுநீரை வெயிலும் பாசியும் கொண்டு தெளியச் செய்து, அந்நீரிலேயே கெண்டை இனங்களை வளர்த்து நகரத்துக்கே உணவாகத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு அங்குத் தலைமுறைகளாக நடந்துவருகிறது. அதன் அருமையை உலகறியச் செய்தவர் துருவஜோதி கோஷ் என்னும் பொறியாளர். 2002 ஆகஸ்டில் ராம்சர் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அது அறிவிக்கப்பட்டது.

'பேரி' எனப்படும் அந்த மீன்குளங்களில் இன்று சக்கர் மீன் குடியேறிப் பெருகியிருப்பதை ஆய்வாளர்கள் பதிவுசெய்துள்ளனர். தொட்டிகளிலிருந்து விடப்பட்டவையும் வளர்ப்பிடங்களிலிருந்து தப்பியவையுமாக வந்து சேர்ந்த மீன்களின் வழித்தோன்றல்கள் அவை. உயிர்வளி குறைந்த நீரிலும் மேற்பரப்புக்கு வந்து காற்றை விழுங்கி உயிர் பிழைக்கும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு. எனவே கழிவுநீர்க் குளம் அவற்றுக்குத் தடையே அன்று. எலும்புத் தகடுகளால் மூடிய உடலும் கூரிய துடுப்பு முட்களும் வலைகளைக் கிழிக்கின்றன. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீன் கரையைக் குடைந்து வளை அமைக்கும். மண்கரையை நம்பியே நிற்கும் பேரிகளுக்கு இது பெருங்கேடு. கெண்டைக் குஞ்சுகளுக்கு உரிய உணவைத் தின்று வளரும் இம்மீனைச் சந்தையில் வாங்குவாரும் அரியர். வலையில் சிக்கியவற்றைப் பிரித்தெடுத்து எறிவதிலேயே மீனவரின் காலை கழிகிறது. திருவனந்தபுரத்தின் சாக்கைக் கால்வாயிலும் இதே இனம் பரவியிருப்பது முன்பே பதிவானது. மெக்சிகோவும் பிலிப்பைன்ஸும் இதே தொல்லையை இன்னும் பெரிய அளவில் கண்டவை.

தொட்டியின் உரிமையாளருக்குச் சில பத்து ரூபாயுடன் முடிந்துபோன செலவை, வேறொருவர் கிழிந்த வலையாகவும் சரிந்த கரையாகவும் செலுத்துகிறார். ஆகவே கெளுத்தி தேர்வு என்பது அழகு பற்றிய வினா மட்டும் அன்று. வாங்கும் நாளில் மீன் எவ்வளவு பெரியது என்பதை விட்டு, ஐந்தாண்டு கழித்து எவ்வளவு பெரியதாக இருக்கும் என்று கேட்பதே முதல் வேலை. இதே வேலையை நிறைவாகச் செய்யும் வேறு கெளுத்திகள் இருக்கையில், சக்கரை வாங்க வேண்டிய தேவை எதுவும் இல்லை என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

மீசை உடையதும் செதில் அற்றதுமான மீன்களைக் கெளுத்தி என்கிறோம். சங்கப் பாடல்களில் கெடிறு என்று வருவதும் இந்த இனமே. உலகில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கெளுத்தி வகைகள் உள்ளன. சில சென்டிமீட்டரில் நின்றுவிடுபவையும் உண்டு, ஆளை விட நீளமாக வளர்பவையும் உண்டு. பெயர் தெரியாத கெளுத்தி ஒன்றைக் கடையில் கண்டால் அதன் வாயைப் பார்த்தாலே ஓரளவு தீர்ப்பு வழங்கிவிடலாம். தலையின் அகலம் முழுவதும் கிழிந்தது போன்ற வாயும் முன்னோக்கிய தாடையும் இருந்தால், அது பிற மீன்களை விழுங்குவது. வாய் சிறுத்து, கீழ்நோக்கித் திரும்பி, சுற்றிலும் குட்டை மீசைகள் இருந்தால் அது மணலில் இரை தேடுவது. உறிஞ்சுவாய் உடையவை மேற்பரப்பைச் சுரண்டி உண்பவை. நியான் டெட்ரா, கப்பி, ராஸ்போரா போன்ற சிறுமீன்கள் வாழும் தொட்டியில் முதல் வகைக்கு இடமே இல்லை. பகலில் எவ்வளவு சாதுவாகத் தோன்றினாலும், விளக்கணைந்த பின் அது வேட்டையாடும். காலையில் எண்ணிப் பார்க்கும்போது இரண்டு மீன் குறைந்திருக்கும். நோயில் இறந்தது என்றெண்ணி, உடலைத் தேடி, கிடைக்காமல் வியப்பவர் பலர்.

'டைகர் ஷார்க்' என்ற பெயரில் விற்கப்படும் வெள்ளிநிற மீன் பங்காசியஸ் இனக் கெளுத்தி. உணவுக்கென ஏரிகளில் வளர்க்கப்படுவது. ஒரு மீட்டருக்கு மேல் வளரும். செவ்வால் கெளுத்தியும் அவ்வாறே. இவற்றைப் பற்றி இதற்குமேல் பேச வேண்டுவதில்லை.

வங்கத்தில் வாழ்பவர்களுக்கு இயல்பாக எழும் வினா ஒன்று உண்டு. கெளுத்திகளுக்குப் பெயர்பெற்ற நாடாயிற்றே, இங்குள்ள மீன்களையே வளர்த்தால் என்ன? டேங்ரா, பாப்தா, ஷிங்கி, மாகூர், போயால் என்று கொல்கத்தாவின் மீன் அங்காடியில் கெளுத்திகளின் அணிவகுப்பையே காணலாம். கடுகு அரைத்த பாப்தாக் குழம்பைச் சுவைத்தவர் மறப்பதில்லை. நோயிலிருந்து எழுந்தவர்க்கு ஷிங்கி மீன் சாறு கொடுப்பது இங்குள்ள வீடுகளின் வழக்கம். இம்மீன்களை உலக அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியதில் இரண்டு ஊர்களுக்குப் பங்கு உண்டு. ஒன்று நமது தரங்கம்பாடி. அங்கிருந்த சமயப்பணியாளர் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் அனுப்பிய மீன்களைக் கொண்டு, பெர்லினில் இருந்த மார்க்கஸ் பிளாக் 1794இல் பல இனங்களை விளக்கி எழுதினார். வரிக்கெளுத்தியும், தமிழகத்தில் தேளி எனப்படும் ஷிங்கியும் அவற்றுள் அடங்கும். மற்றொன்று கொல்கத்தா. பிரான்சிஸ் புகானன் ஹாமில்டன் கங்கைப் படுகையின் மீன்களை ஆராய்ந்து 1822இல் வெளியிட்ட நூலில், வங்கப் பெயர்களையே அறிவியற் பெயர்களாகச் சூட்டினார். டெங்கரா, பாப்தா, மாகூர், ரிட்டா, சாகா, ஹாரா என்னும் அங்காடிப் பெயர்கள் இன்றளவும் உலகெங்கும் விலங்கியல் நூல்களில் வழங்குகின்றன. அவர் கொல்கத்தாவை விட்டுப் புறப்பட்டபோது அவருடைய ஓவியத் தொகுதியை ஆட்சியாளர் எடுத்துச்செல்ல விடவில்லை என்பது இவ்வரலாற்றின் கசப்பான பகுதி.

பெருமை ஒருபுறம் இருக்க, இவற்றுள் பெரும்பாலானவை செடித்தொட்டிக்கு உதவா. டேங்ராவும் வரிக்கெளுத்தியும் பார்வைக்கு மிக அழகியவை. பக்கவாட்டில் ஓடும் கருங்கோடுகளுக்காகவே கடைகளில் விற்கப்படுகின்றன. ஆயினும் பத்து சென்டிமீட்டரைத் தாண்டிய பின் சிறுமீன்களை விட்டுவைப்பதில்லை. ஷிங்கியின் முள் நஞ்சுடையது; கையை நீருக்குள் விட்டுச் செடிகளைக் கத்தரிக்க வேண்டிய தொட்டியில் அதனை வளர்ப்பது அறிவுடைமை அன்று. சாகா என்னும் தவளைவாய்க் கெளுத்தி அடிமண்ணில் இலைச்சருகு போல் கிடந்து, அருகே வருவதை எல்லாம் விழுங்கும். பாப்தா தட்டில் இருப்பதே அழகு.

விதிவிலக்காக ஒன்றைக் குறிப்பிடலாம். அந்துக் கெளுத்தி என்று சொல்லத்தக்க ஹாரா ஜெர்டோனி நான்கு சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை. விரிந்த மார்புத் துடுப்புகளுடன் ஒரு சிறு நங்கூரம் போலத் தோன்றும். சென்னைப் படைப்பிரிவில் மருத்துவராக இருந்து பறவைகளையும் மீன்களையும் ஆராய்ந்த தாமஸ் ஜெர்டனின் பெயரை, அதே சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பிரான்சிஸ் டே 1870இல் இதற்குச் சூட்டினார். வங்கத்தின் ஆறுகளில் வாழ்வது. வெளிநாட்டு வளர்ப்பாளர்கள் விரும்பி வாங்குவது. உணவை எடுப்பதில் மிக மெதுவானது என்பது ஒன்றே குறை. சுறுசுறுப்பான மீன்கள் உள்ள தொட்டியில் பட்டினி கிடந்தே மெலிந்துவிடும். அமைதியான சிறுமீன்கள் சிலவற்றுடன், சருகும் வேரும் நிறைந்த சிறு தொட்டியில் தனியாக வளர்க்கக் கூடுமானால் இதைவிட நிறைவு தரும் உள்ளூர் மீன் வேறில்லை.

பொதுவான செடித்தொட்டிக்கு உலகெங்கும் பரிந்துரைக்கப்படுவது கோரிடோராஸ் இனம். தென் அமெரிக்காவைச் சேர்ந்தது, ஐந்து, ஆறு சென்டிமீட்டர் நீளம், கூட்டமாக மணலை மோந்துகொண்டே திரியும், செடியைத் தின்னாது, பிற மீனைத் துன்புறுத்தாது. 2024இல் ஆய்வாளர்கள் இப்பேரினத்தைப் பலவாகப் பிரித்து மறுபெயரிட்டுள்ளனர். கடைகளில் பழைய பெயரே வழங்குவதால் இங்கும் அதனையே கொள்கிறோம். கோரிடோராஸ் என்று சொன்னால் மட்டும் போதாது, எந்தக் கோரிடோராஸ் என்று கேட்கவேண்டும். காரணம் கொல்கத்தாவின் வெயில்.

மே மாதத்தில் இந்நகரின் பகல் வெப்பம் 36, 37 பாகை செல்சியஸை எட்டுவது இயல்பு. குளிரூட்டப்படாத அறையில் தொட்டி நீர் 30 பாகையைத் தாண்டி, நாள்கணக்கில் அங்கேயே நிற்கும். வெப்பம் ஏற ஏற நீரில் கரையும் உயிர்வளி குறையும். 20 பாகையில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் உயிர்வளியை ஏற்கும். 30 பாகையில் ஏழரை மில்லிகிராம்தான். அதே வேளையில் மீனின் உடல் வேகமாக இயங்குவதால் அதன் தேவையோ கூடுகிறது. செடித்தொட்டியில் இன்னொரு சிக்கலும் உண்டு. பகலில் உயிர்வளியைத் தரும் செடிகள், விளக்கணைந்தபின் மீன்களோடு சேர்ந்து அதனை உட்கொள்கின்றன. விடியலுக்குச் சற்று முன்னர்தான் நீரில் உயிர்வளி மிகக் குறைவு. கால்பைசாகிப் புயல் வீசி மின்சாரம் நின்றுபோகும் இரவுகளில் வடிகட்டியும் ஓய்ந்துவிடும். அடித்தளத்தில் வாழும் கெளுத்திகளுக்கு அது சோதனைக் காலம்.

சந்தையில் எளிதில் கிடைக்கும் புள்ளிக் கோரிடோராஸ், அதாவது பாலியேட்டஸ், குளிர்நீர் மீன். பீகிள் கப்பல் பயணத்தில் சார்லஸ் டார்வின் சேகரித்த மாதிரிகளைக் கொண்டு 1842இல் விளக்கப்பட்டது. தென் அமெரிக்காவின் தெற்குப் பகுதியில், மிதமான தட்பவெப்பத்தில் வாழ்வது. 18 முதல் 23 பாகை வரையுள்ள நீரே அதற்கு உகந்தது. டிசம்பரில் வாங்கி மகிழ்ந்தவர் அடுத்த மே மாதத்தில் ஒவ்வொன்றாக இழப்பதற்கு இதுவே காரணம். கருவெள்ளை நிறத்தால் குழந்தைகளைக் கவரும் பாண்டா கோரிடோராஸும் 25 பாகைக்கு மேல் துன்புறும். வெப்பத்தைத் தாங்குவதில் முதலிடம் ஸ்டெர்பாய் வகைக்கு. பிரேசில், பொலிவியா எல்லைப்புற ஆற்றுப்படுகையைச் சேர்ந்த இது, 28 பாகை நீரில் இயல்பாக வாழ்கிறது. கருமையான உடலில் வெண்புள்ளிகளும் ஆரஞ்சு நிற மார்புத் துடுப்புகளும் கொண்டது. விலை சற்றுக் கூடுதல். சிக்கனம் கருதுவோர் வெண்கல நிறமுடைய ஏனியஸ் வகையைக் கொள்ளலாம். குளிரையும் வெப்பத்தையும் ஓரளவு தாங்கும் உறுதியான மீன் அது. நகரின் பெரும்பாலான வீடுகளுக்கு இவ்விரண்டில் ஒன்றே போதும்.

எந்த வகையாயினும் ஆறு மீன்களுக்குக் குறையாமல், ஒரே இனமாக வாங்கவேண்டும். வகைக்கொன்றாக வாங்கி அழகு பார்ப்பது கண்காட்சிக்குச் சரி. மீனுக்கு அது தனிமைச் சிறை. கூட்டத்தோடு இருக்கும்போதுதான் அவை பகலிலும் அஞ்சாது வெளியே வந்து திரியும். அவ்வப்போது அம்பு போல மேலெழும்பி, மேற்பரப்பில் காற்றை விழுங்கித் திரும்புவதைக் கண்டு மிரள வேண்டாம். குடலின் வழியாகவும் மூச்சுவிடும் இயல்பு அவற்றுக்கு உண்டு. இடையறாது அவ்வாறு செய்தால் மட்டுமே நீரில் உயிர்வளி குறைந்ததெனக் கொள்ளவேண்டும். மிதக்கும் செடிகள் மேற்பரப்பை முற்றிலும் மூடிவிடாமல் கையகல இடைவெளியாவது விட்டுவைப்பது இதன் பொருட்டே. செடிகளுக்கெனக் கரியமிலவாயு செலுத்துவோர், இரவில் அதை நிறுத்திக் காற்றூட்டியை இயக்குவது நன்று. தொட்டியின் மேல் சிறு விசிறி வைத்தால் நீர் ஆவியாகி இரண்டு, மூன்று பாகை குறையும் என்பர். வறண்ட ஊர்களில் அது உண்மை. கொல்கத்தாவின் புழுக்கத்தில் அப்பயன் பாதியாகக் குறைந்துவிடும் என்பதையும் எண்ணிக்கொள்ளவேண்டும்.

அடிமண் பற்றி ஒரு சொல். கடைகளில் விற்கும் வண்ணச் சல்லிகளின் கூர்முனைகள் கோரிடோராஸின் மீசைகளைத் தேய்த்துவிடும். அழுக்கு தேங்கினால் தேய்ந்த இடம் அழுகும். மீசை இழந்த கெளுத்தி இரை தேட இயலாதது. கழுவிய மென்மணலே உகந்தது. அவை மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியே உதிர்ப்பதைக் காண்பதே தனி இன்பம். ஆனால் அதே பழக்கத்தால், தரைவிரிப்புப் போலப் படர்வதற்காக நட்ட மெல்லிய செடிகள் வேர் பிடிக்குமுன் பெயர்ந்து மிதக்கும். எனவே செடிகளை முதலில் நட்டு, ஆறு வாரமாவது வேரூன்ற விட்டபின் மீன்களை விடவேண்டும். கிரிப்டோகோரைன், வாலிஸ்னேரியா போன்று வலிய வேருடையவற்றையும், மரத்துண்டில் கட்டி வளர்க்கும் அனுபியாஸ், ஜாவா பெரணி ஆகியவற்றையும் கொண்டால் இத்தொல்லை இல்லை. இவை கொல்கத்தாவின் வெப்பத்தையும் தாங்குபவை.

பாசியைத் தின்னும் மீன் வேண்டுமென்றால், சக்கருக்கு மாற்றாக இரண்டு உண்டு. ஓட்டோசிங்க்ளஸ் நான்கு, ஐந்து சென்டிமீட்டர் மட்டுமே வளரும். மென்மையான இலைகளின் மேல் படியும் பழுப்புப் பாசியை இலை சேதமின்றி மேய்ந்துவிடும். பெரும்பாலும் ஆறுகளில் பிடித்து அனுப்பப்படுவதால், கடைக்கு வந்து சேருமுன் பல நாள் பட்டினி கிடந்திருக்கும். வயிறு உள்வாங்கிய மீனை எவ்வளவு குறைந்த விலைக்குத் தந்தாலும் வாங்கலாகாது, அது மீள்வதில்லை. பாசியே இல்லாத புதிய தொட்டியும் அதற்கு ஆகாது. துர்க்கா பூசை முடிந்து வெயில் தணிந்த பின், சில மாதங்கள் பழகிய தொட்டியில் விட்டால் அடுத்த கோடைக்குள் நிலைபெற்றுவிடும். மற்றொன்று ஆன்சிஸ்ட்ரஸ்; ஆண் மீனின் மூக்கின்மேல் கிளைத்த தூரிகை போன்ற முளைகள் இருப்பதால் கடைகளில் 'பிரிசில்நோஸ்' என்பர். சக்கரின் உறவினமே, ஆனால் 12 முதல் 15 சென்டிமீட்டருடன் நின்றுவிடும். மூன்றடித் தொட்டிக்கு ஒன்று போதும். சுரண்டித் தின்ன ஒரு மரக்கட்டையும், வாரம் இருமுறை வெந்த சுரைக்காய்த் துண்டோ வெள்ளரித் துண்டோ கிடைத்தால் செடிகளின் பக்கம் அதிகம் திரும்பாது. குட்டியாக இருக்கையில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும் என்பதால் ஏமாற வாய்ப்புண்டு. முதுகுத் துடுப்பு பாய்மரம் போல உயர்ந்து அகன்றிருந்தால் அது சக்கர். குட்டையாக இருந்தால் ஆன்சிஸ்ட்ரஸ்.

அடித்தளத்தில் அன்றி நடுநீரில் வாழும் கெளுத்தியும் உண்டு. முதுகெலும்பும் தெரியும்படி உடல் முழுதும் ஒளி ஊடுருவும் கண்ணாடிக் கெளுத்தி தாய்லாந்தைச் சேர்ந்தது. நெடுங்காலம் வேறோர் இனமாகத் தவறாக எண்ணப்பட்டு, 2013இல்தான் அதற்கு உரிய பெயர் கிடைத்தது. உயர்ந்த வாலிஸ்னேரியாவின் நிழலில் எட்டு, பத்து மீன்கள் ஒரே திசையில் நிற்கும் காட்சி அழகானது. எளிதில் மிரளும், நீர் மாற்றங்களைப் பொறுக்காது. ஓராண்டு அனுபவம் பெற்றவர்க்கே அது உரியது.

நீரைப் பற்றியும் அறிந்திருக்க வேண்டும். நகரின் பெரும்பகுதிக்கு ஹூக்ளி ஆற்றுநீரே பல்தாவில் சுத்திகரிக்கப்பட்டு, 1911 முதல் பயன்பாட்டில் உள்ள தாலா மேல்நிலைத் தொட்டி வழியாக வந்து சேர்கிறது. அதில் குளோரின் இருக்கும். கெளுத்திகளுக்குச் செதில் காப்பு இல்லாததால் அவை குளோரினால் விரைந்து பாதிக்கப்படும். ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்தோ, குளோரின் நீக்கி மருந்து கலந்தோ பயன்படுத்தவேண்டும். ஆழ்துளைக் கிணற்றை நம்பியுள்ள பகுதிகளில் நீர் கடினமானது, இரும்பும் கலந்தது. அங்கே ஓட்டோசிங்க்ளஸைத் தவிர்த்து ஏனியஸையும் ஆன்சிஸ்ட்ரஸையும் வளர்ப்பது பாதுகாப்பு. எந்த நோய்க்கும் கல்லுப்பைப் போடுமாறு கடைகளில் கூறுவர். கெளுத்திக்கும் செடிக்கும் மிகுந்த உப்பு ஆகாது. செம்பு கலந்த மருந்தும் ஆகாது. நோயுற்ற மீனைத் தனிக் கலத்துக்கு மாற்றிப் பார்ப்பதே வழி.

சந்தையில் மீனைப் பையில் கட்டித் தருமுன் சில நிமிடம் உற்று நோக்குவது நல்லது. மீசைகள் முழுமையாக உள்ளனவா, செவுள் மூடி வேகமாகத் துடிக்கிறதா, வயிறு உருண்டிருக்கிறதா, துடுப்புகள் உடலோடு ஒட்டிக் கிடக்கின்றனவா என்பவற்றைப் பார்த்தாலே போதும். முட்கள் வலையில் சிக்கும். குவளையால் முகந்து தருமாறு கேட்கலாம். வீட்டில் இரண்டு வாரம் தனித்தொட்டியில் வைத்திருந்து பிறகு சேர்ப்பவர்கள் வருத்தப்பட்டதில்லை. கெளுத்திக்கு எஞ்சிய உணவே போதும் என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. மேலே உள்ள மீன்கள் எதையும் எஞ்ச விடுவதில்லை. இரவு விளக்கணைத்து அரைமணி நேரம் கழித்து, மூழ்கும் உணவுருண்டைகள் இரண்டைப் போட்டால் கோரிடோராஸ் கூட்டம் அதனைத் தேடி வந்து உண்ணும்.

ஏற்கெனவே சக்கரை வாங்கி அது பெருத்துவிட்டவர்கள் என்ன செய்யலாம்? பெரிய தொட்டி உடைய வளர்ப்பாளர்களிடம் ஒப்படைக்கலாம். மீன் வளர்ப்போர் குழுக்களில் கேட்டால் ஏற்பவர் கிடைப்பர். சில கடைகள் வேறு மீனுக்கு மாற்றாகவும் பெற்றுக்கொள்கின்றன. ஏரி, குளம், கால்வாய், கங்கை ஆகிய எதிலும் விடலாகாது. தேர்வில் கவனமாக இருந்தவர்க்கு எதிர்ப்பக்கச் சிக்கல் ஒன்று வரலாம். மீன்கள் பெருகிவிடும். பாதித் தேங்காய் ஓட்டைக் கவிழ்த்து வைத்தால் ஆன்சிஸ்ட்ரஸ் அதனடியில் முட்டையிடும். ஆண் மீன் வாயிலை அடைத்துக்கொண்டு, துடுப்பால் விசிறியபடி குஞ்சு வெளிவரும் வரை காவல் காக்கும். கொல்கத்தாவைச் சுற்றியுள்ள ஹவுரா, தெற்கு 24 பர்கனா மாவட்டங்களிலும், சென்னையில் கொளத்தூரிலும் இத்தகைய இனப்பெருக்கத்தையே தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் உள்ளன. 2020இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், வீட்டுப் புறக்கடையில் அலங்கார மீன் வளர்க்கும் அலகுக்கு 3 லட்சம் ரூபாய் மதிப்பீட்டுச் செலவாக வகுக்கப்பட்டது; அதில் பொதுப் பிரிவினர்க்கு 40 விழுக்காடும், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினர்க்கும் 60 விழுக்காடும் மானியம். மீன் வளர்ப்போர்க்கு கிசான் கடன் அட்டை வசதியும் உண்டு. நடப்பு ஆண்டின் விதிமுறைகளை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்திலும் தங்கள் வங்கிக் கிளையிலும் கேட்டறியலாம்.